இருவர் கடலோரப் பயணத்துக்கு எந்தப் பாய்மரப் படகு? நான்கு பழைய மாடல்களின் மதிப்பீடு

கணவனும் மனைவியுமாக இரண்டே பேர். பகலில் கரையோரமாக ஓட்டம், இரவில் ஏதாவது ஒரு விரிகுடாவில் நங்கூரம். பயணம் ஒரு வார இறுதியாகவும் இருக்கலாம், இரண்டு வாரமாகவும் நீளலாம். இதற்குப் பாய்மரப் படகு தேடுபவர்கள் 25 முதல் 28 அடிக்குள் நின்றுகொள்வது நல்லது. 20, 22 அடிப் படகுகள் பெரும்பாலானவற்றில் நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்தே சமைத்து, உட்கார்ந்தே உடை மாற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் இரண்டாம் நாளே இருவருக்கும் அலுத்துவிடும். 32 அடிக்குப் போனால் இடம் தாராளம். ஆனால் முன்பாயின் இழுவையும் நங்கூரத்தின் கனமும் ஒருவர் கைக்கு அடங்காது. துறைமுகக் கட்டணம், அடிப்பூச்சு, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடம் என்று செலவும் நீளம் ஏறுவதைவிட வேகமாக ஏறும்.

இந்த அளவில் விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை 1965க்கும் 1990க்கும் இடையில் வார்க்கப்பட்ட ஃபைபர்கிளாஸ் படகுகள். பழையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியிழையைக் கனமாகவே அடுக்கினார்கள். உடல் இன்னும் உழைக்கும். தேய்ந்திருப்பதெல்லாம் அதில் பொருத்தியவை: போல்ட், வால்வு, கம்பி, வயரிங், எஞ்சின், டெக்கின் (மேல்தளத்தின்) கண்ணாடியிழை அடுக்குகளுக்கு நடுவே வைத்த மரப்பலகை. ஆகவே வாங்கும்போது விலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இவற்றை மாற்ற ஆகும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நான்கு மாடல்களை எடுத்துக்கொள்கிறேன்: கான்டெசா 26, ஆல்பின் வேகா, வெஸ்டர்லி சென்டார், கேடலினா 27. நான்குமே நிறையக் கட்டப்பட்டவை. அவற்றின் குறைகள் எங்கே இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். இரண்டாம் கையாக வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

மாடலுக்குப் போகும் முன் ஒரு அளவுகோலைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். படகில் இருவர் இருந்தாலும் எந்த நேரத்திலும் வேலை செய்யத் தயாராக இருப்பவர் ஒருவர்தான். மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார், சமைப்பார், வரைபடம் பார்ப்பார், அல்லது கடல் ஒவ்வாமையில் சுருண்டு கிடப்பார். எனவே இருவருக்கான படகு என்பது ஒருவர் தனியாக ஓட்டக்கூடிய படகு. அந்த ஒருவர், இருவரில் உடல்பலம் குறைந்தவராகவும் இருக்கலாம். பாயை ஏற்றுவது, காற்று கூடும்போது சுருக்குவது, நங்கூரத்தை இழுப்பது, கடலில் விழுந்தவரை மேலே ஏற்றுவது ஆகிய நான்கையும் அவர் தனியாகச் செய்ய முடியுமா? முடியாதென்றால், அந்தப் படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான்.

கான்டெசா 26. டேவிட் சாட்லர் வரைந்து ஜெரமி ராஜர்ஸ் இங்கிலாந்தில் கட்டியது; ஃபோக்போட் என்ற ஸ்காண்டிநேவியப் படகின் வழி வந்தது. நீளம் 7.77 மீட்டர், அகலம் 2.29, நீரடி ஆழம் 1.22, எடை சுமார் 2,450 கிலோ. அந்த எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் அடிப்பாரம், அதாவது படகு கவிழாமல் அடியில் வைக்கும் கனம். நான்கிலும் கடலுக்கு மிக உறுதியானது இதுதான். 1985இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 1987இல் உலகைச் சுற்றித் திரும்பிய டானியா ஏபி ஓட்டியது ‘வருணா’ என்ற கான்டெசா 26. அடிப்பாரம் உடலின் உள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால், கீலை (படகின் அடியில் துடுப்புபோல் நீளும் பகுதி) உடலோடு பிணைக்கும் போல்ட் பற்றிய கவலை இல்லை. சுக்கான் கீலோடு சேர்ந்தே இருப்பதால் மிதவைக் கயிறுகளில் சிக்காது. எதிர்காற்றில் குறுகிய அலைகளை நன்றாக வெட்டிப் போகும்.

ஆனால் இருவர் விடுமுறைக்கு இதை எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். கேபின் தாழ்வு, பெரும்பாலானவர்களால் நிமிர்ந்து நிற்க முடியாது. உடல் ஒல்லி, பக்கச்சுவர் உயரம் குறைவு, அதனால் காக்பிட்டில் (ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) நனைவது சகஜம். பின்னோக்கி ஓட்டும்போது நீண்ட கீல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நெருக்கமான மரீனாவில் (படகு நிறுத்தும் துறை) ஒருவர் சுக்கானைப் பிடித்திருக்க, மற்றவர் கயிறு போட ஓடும்போது இது பதற்றத்தைத் தரும். காற்றடிக்கும் கடலில் நெடுந்தொலைவு ஓடுவதே விருப்பம் என்று இருவரும் ஒருமனதாகச் சொன்னால் மட்டும் இது.

ஆல்பின் வேகா. பேர் ப்ரோஹால் வரைந்த ஸ்வீடன் படகு. 1960களின் நடுவிலிருந்து 1979 வரை சுமார் 3,450 கட்டப்பட்டது. நீளம் 8.25 மீட்டர், அகலம் 2.46, ஆழம் 1.17, எடை சுமார் 2,300 கிலோ. இதிலும் அடிப்பாரம் உள்ளேயே அடைத்தது. நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அளக்கும் நீளம்) 7 மீட்டரைத் தொடுவதால் நல்ல வேகம் உண்டு. இலேசான காற்றிலும் நகரும். மேட் ரதர்ஃபோர்ட் 2011–12இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களை எங்கும் நிற்காமல் தனியாகச் சுற்றி வந்தது ஒரு வேகாவில்தான். கைச்சுக்கான் இலேசு, முன்பாய் சிறியது, விஞ்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) பெரிய பலம் தேவையில்லை. நான் சொன்ன அளவுகோலுக்கு இதுவே மிக அருகில் வருகிறது.

வேகாவில் முதலில் பார்க்க வேண்டியது பாய்மரத்தின் அடி. மரம் டெக்கின் மேல் நிற்கிறது. அதன் பாரத்தை டெக்குக்கு அடியில் ஒரு குறுக்குவிட்டம் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த விட்டம் கீழே வளையும். அடையாளங்கள்: கேபின் நடுவே இருக்கும் கதவு சட்டத்தில் உரசும், மரத்தைச் சுற்றி டெக் பள்ளமாகத் தெரியும், பக்கக் கம்பிகளை எவ்வளவு முறுக்கினாலும் மீண்டும் தளரும். ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை டெக்கின் குறுக்கே வைத்துப் பார்த்தால் பள்ளம் தெரிந்துவிடும். விட்டத்துக்கு உலோகப் பட்டை வைத்து வலுப்படுத்துவது தெரிந்த பழுதுபார்ப்புதான், நன்றாகவே நிற்கிறது. ஆனால் அதற்கு மரத்தை இறக்க வேண்டும், ஒரு வாரமாவது வேலை இருக்கும். விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஆல்பின் நிறுவனத்தின் அசல் எஞ்சினும், அதோடு வந்த இதழ்க்கோணம் மாற்றும் புரொப்பெல்லரும். புத்திசாலித்தனமான அமைப்பு, ஆனால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டும். 10 முதல் 14 குதிரைத்திறன் கொண்ட புதிய டீசல் எஞ்சின் போட்ட வேகா கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

இதன் உண்மையான பலவீனம் சுமை. இரண்டு வாரத்துக்கு இருவர் ஏறினால் ஆட்கள் 140 கிலோ, நீர் 100, எரிபொருள் 35, உணவு 60, நங்கூரமும் சங்கிலியும் 60, சிறு தோணி 30, துணிமணி கருவிகள் 80. மொத்தம் 500 கிலோ தாண்டும். இந்த அளவுப் படகு ஏறக்குறைய 100 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் நீரில் இறங்கும். 5 சென்டிமீட்டர் இறங்கிய 2,300 கிலோ வேகாவில் அந்த வேகம் போய்விடும். கனமான பொருட்களை இரு முனைகளிலும் திணிக்காமல் நடுவில், தாழ்வாக வைத்தால் பாதி நிவாரணம்.

வெஸ்டர்லி சென்டார். லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனத்தின் வரைவு. 1969 முதல் 1980 வரை 2,400க்கு மேல் கட்டப்பட்டது. நீளம் 7.92 மீட்டர், அகலம் 2.57, எடை 3,000 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கீல், ஆழம் 0.91 மீட்டர்தான். ஓதம் இறங்கி நீர் வற்றும் கடற்கரைகளில் இந்த ஒரு குணமே போதும், மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம். மற்ற படகுகள் ஆழம் தேடி வெளியே ஆடிக்கொண்டிருக்க, சென்டார் ஓடையின் உள்ளே போய், நீர் வற்றியதும் இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும். இருவரும் சாய்வில்லாமல் தூங்கலாம். அடிப்பூச்சு அடிக்கக் கிரேன் வேண்டாம். உள்ளே நிற்கலாம், கழிப்பறைக்குக் கதவு உண்டு, சமையல் மேடை அந்தக் காலத்துக்குப் பெரியது.

இந்த வசதிக்கு ஈடாக, எதிர்காற்றில் பக்கவாட்டில் நழுவும். குறுகிய செங்குத்து அலையில் தலையாட்டிக்கொண்டே நின்றுவிடும். அப்போது எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பெரும்பாயை இறுக்கிப் பிடித்துப் போக வேண்டும். இதை முன்பே தெரிந்துகொண்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் இராது.

சென்டாரில் பார்க்க வேண்டியது கீல் உடலோடு சேரும் இடம். படகு தரைதட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு இரும்புக் கீல்களும் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அந்த நெம்புகோல் விசை மெல்லிய அடிப்பலகையில் விழும். உள்ளே தரைப்பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்களின் வரிசை நெடுக டார்ச் அடித்துப் பாருங்கள். நட்சத்திர வடிவக் கீறல், போல்ட்டைச் சுற்றித் துருக்கறை, வெளியே சேருமிடத்தில் முடிக்கோடு போன்ற பிளவு, இவற்றில் எது இருந்தாலும் வேலை இருக்கிறது. குறுக்கே கண்ணாடியிழை விலா எலும்புகள் அடுக்கி வலுப்படுத்தியிருந்தால், யார் எப்போது செய்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்த சென்டார், செய்யாததைவிட நிச்சயம் மேல். தொங்கும் உள்கூரைத் துணியும் ஒழுகும் ஜன்னலும் எல்லா வெஸ்டர்லியிலும் உள்ளவை. உயிருக்கு ஆபத்தில்லை, பொறுமைக்குத்தான்.

கேடலினா 27. அமெரிக்காவில் 1971 முதல் 1991 வரை 6,600க்கு மேல் கட்டப்பட்டது. நீளம் 8.18 மீட்டர், அகலம் 2.69, ஒற்றைக் கீலில் ஆழம் 1.22, எடை சுமார் 3,100 கிலோ. நான்கிலும் விசாலமான கேபின் இதுதான். காக்பிட் நீளம், வெயில் நாளில் இருவரும் காலை நீட்டிப் படுக்கலாம். தனிச் சுக்கான் என்பதால் மரீனாவில் சொன்னபடி திரும்பும், பின்னோக்கியும் போகும். சராசரிக் கடலோரப் பயணத்துக்கு வசதியான படகு என்பதில் ஐயமில்லை. பலமான கடலுக்காக வரைந்ததல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதன் குறை கீலின் முன் மூலையில் வாய் போலத் திறக்கும் கீறல். பூச்சு மட்டும் விரிந்திருந்தால் பெரிய விஷயமில்லை. கீறலிலிருந்து துருநீர் கசிந்தால், அல்லது கிரேனில் தூக்கும்போது இடைவெளி அகலமானால், போல்ட் தளர்ந்திருக்கிறது. பழைய படகுகளில் கீலுக்கு மேல் வரும் அடிப்பகுதியில் ஒட்டுப்பலகை புதைத்திருப்பார்கள். அது ஊறினால் போல்ட்டை எத்தனை முறை முறுக்கினாலும் மரம் நசுங்கிக்கொண்டே போகும். டெக்கில் பாய்மரம் நிற்கும் இடத்திலும் இதே நோய். கடல்நீர்க் குழாய்களில் வீட்டுக் குழாய்க்குப் போடும் திருகு வால்வுகள் இருந்தால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். திருகு சுற்றும், உள்ளே தகடு அசையாது. மூடியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தும் தெரியாது. பெட்ரோல் இன்போர்டு எஞ்சின் (படகுக்குள் பொருத்தியது) உள்ளதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் காற்றூதியை 4 நிமிடமாவது ஓட்ட வேண்டும். இந்த ஒழுக்கம் இருவருக்கும் இருக்குமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

என் வரிசை இது: நீர் வற்றும் கரை, ஓடைகள், மணல்திட்டுகள் நிறைந்த பகுதியென்றால் சென்டார். ஆழமான துறைகளும் மாறும் காற்றுமாக இருந்தால் வேகா. மரீனாவிலிருந்து மரீனாவுக்கு, மிதமான வானிலையில், வசதியே முக்கியமென்றால் கேடலினா. கான்டெசா கடைசி, தரத்தால் அல்ல, இந்த உபயோகத்தால். ஆனால் உடல்நிலை நன்றாக உள்ள நான்காவது, உடல்நிலை மோசமான முதலாவதை எப்போதும் வெல்லும்.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் உச்ச வேகம் ‘நாட்’ அளவில் வரும்; ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 22 அடிக்கு 6.3 நாட். திட்டம் போட அதை எடுக்காதீர்கள், 4.5 எடுங்கள். 30 கடல் மைல் என்றால் ஏழு மணி நேரம். இருவர் ஒரு நாளில் சோர்வில்லாமல் செய்யக்கூடியது அவ்வளவுதான். எதிர்காற்று என்றால் வளைந்து வளைந்து போக வேண்டியிருப்பதால் அதிலும் மூன்றில் ஒரு பங்கையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கையை அளக்காமல் வாங்குபவர்கள் அதிகம். விளம்பரத்தில் ‘ஐந்து பேர் படுக்கலாம்’ என்றிருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு நல்ல படுக்கை. அணியத்தில் (படகின் முன்முனை) உள்ள முக்கோணப் படுக்கையில் தோள்பக்கம் 1.5 மீட்டராவது அகலமும், கால்பக்கம் இருவர் பாதம் இடிக்காத அகலமும் இருக்கிறதா என்று இருவரும் படுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் படுங்கள், ஒரு முறை புரளுங்கள், உள்பக்கம் இருப்பவர் மற்றவரை மிதிக்காமல் எழ முடிகிறதா பாருங்கள். ஓடும் படகில் அணியம் துள்ளும், அங்கே தூங்க முடியாது. பகலில் ஒருவர் கண்ணயர, நடுவில் 1.9 மீட்டர் நீளமும், விழாமல் தடுக்கும் துணித்தடுப்பும் கொண்ட நேர்ப் படுக்கை ஒன்று வேண்டும்.

தானியங்கிச் சுக்கான் இருவர் படகில் ஆடம்பரம் இல்லை, மூன்றாவது ஆள். கைச்சுக்கானில் மாட்டும் சிறிய கருவியே போதும், ஆனால் எடைவரம்பைப் பாருங்கள். ரேமரைன் எஸ்டி1000 ப்ளஸ் 3,000 கிலோ வரைக்கும், எஸ்டி2000 ப்ளஸ் 4,500 கிலோ வரைக்கும். விற்பனைத் தாளிலுள்ள வெற்று எடையை வைத்துத் தேர்வு செய்யக் கூடாது. பயணச் சுமையையும் சேர்க்க வேண்டும். சுமையேற்றிய சென்டாருக்கும் கேடலினாவுக்கும் பெரியதுதான். பின்காற்றில் அலை தள்ளும்போது சிறிய கருவி பிந்தித் திருப்பும், படகு பாம்புபோல் நெளியும், மோட்டார் சூடாகும்.

நங்கூரத்துக்கு இந்த அளவில் ராக்னா, ஸ்பேட், மான்டஸ் போன்ற புதிய வடிவத்தில் 10 கிலோ, 8 மில்லிமீட்டர் சங்கிலி 30 மீட்டர், அதற்குப் பின் 14 மில்லிமீட்டர் நைலான் கயிறு 30 மீட்டர். எவ்வளவு விடுவது? ஆழம் 5 மீட்டர், நீர் இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர், மொத்தம் 8. அதை 5ஆல் பெருக்கினால் 40 மீட்டர். ஐந்து மீட்டர் ஆழத்தைக் கயிற்றுக்கும் அப்படியே எடுத்து 25 மீட்டரோடு நிறுத்தினால் நள்ளிரவில் நீர் ஏறியதும் நங்கூரம் நகரும். சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ. 5 மீட்டர் ஆழத்தில் கடைசி இழுப்பு 17 கிலோ, 10 மீட்டரில் 24 கிலோ. முதுகுவலி உள்ளவர் இருந்தால் கையால் சுழற்றும் நங்கூர விஞ்ச்சைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நங்கூரம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் ‘மறுபடியும் எடுத்துப் போட வேண்டுமா’ என்று தயங்கி விட்டுவிடுவீர்கள். பழைய படகுகளில் நங்கூரக் கயிறு கட்டும் முளையின் அடியில் டெக்குக்குள் தாங்குபலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் விஷயத்தில் ஒரு டன்னுக்கு 4 குதிரைத்திறன் கணக்கு. 2.5 டன்னுக்கு 10. டீசல் இன்போர்டு 5 நாட் வேகத்தில் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடிக்கும். 40 லிட்டர் தொட்டி இருபது மணி நேரம், 100 கடல் மைல். அவுட்போர்டு (படகின் வெளியே மாட்டும் எஞ்சின்) மலிவு, கழற்றிப் பழுதுபார்க்கலாம், கேபினில் டீசல் வாடை இல்லை. ஆனால் அமரத்தில் (படகின் பின்முனை) தொங்கும் மோட்டாரின் புரொப்பெல்லர் அலையில் வெளியே எழும்பிக் காற்றைச் சுழற்றும், மிகத் தேவையான நேரத்தில் தள்ளாது. அவுட்போர்டு என்றால் 63 சென்டிமீட்டர் மிகநீளத் தண்டு உள்ளதையே தேடுங்கள்.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது ‘முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம்’ என்று சொல்லி, போனதும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக வேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை, மிகுசுமை அல்லது காற்றடைப்பு. வெள்ளைப் புகை சூடேறியதும் மறைய வேண்டும். மறையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். குளிர்நீர் வெளியேறும் ஓட்டம் சீராக இருக்கிறதா பாருங்கள். கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிடும் பழைய எஞ்சின் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது, முழு வேகத்தில் அரைமணி ஓட்டினால்தான் சூடு ஏறும்.

மின்சாரம்: சிறிய கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30–40 ஆம்பியர்-மணி எடுக்கும், மற்றதெல்லாம் சேர்ந்து 20. 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 25–30 தரும். ஆக ஃபிரிட்ஜ் வேண்டுமானால் 200 வாட் தகடு, வேண்டாமென்றால் 100 வாட் போதும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனியாக இருக்கட்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் பில்ஜில் (தரைப்பலகைக்குக் கீழுள்ள அடிக்குழி) தேங்கி நிற்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் வடிகால் படகுக்குள் போகாமல் நேரே கடலுக்குப் போகிறதா என்று ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். இந்தத் தலைமுறைப் படகுகள் பலவற்றில் அப்படி இருக்காது.

கடலில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தனியாக எப்படித் தூக்குவது என்பதைப் படகைப் பார்க்கும்போதே யோசிக்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல. நனைந்த உடையோடு 80 கிலோ. 4க்கு 1 கப்பியில் உராய்வையும் சேர்த்து 25 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். 6க்கு 1 என்றால் 18 கிலோ. பெரும்பாயின் ஏற்றுக்கயிற்றில் மாட்டிக்கொள்ள அப்படி ஒரு கப்பியைத் தயாராகப் பையில் வைக்கலாம். ஏணி நீருக்குள் 60 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், அதை நீரில் இருப்பவரே இழுத்துவிட முடிய வேண்டும். மேலே மடித்துக் கட்டிய ஏணியால் பயனில்லை. பக்கச்சுவர் தாழ்வாக உள்ள வேகாவும் கான்டெசாவும் இங்கே சாதகம்.

பணம் கொடுக்கும் முன் தனி சர்வேயர் (படகைச் சோதிக்கும் நிபுணர்) ஒருவரை வைத்துப் படகைக் கரையேற்றிப் பார்க்கச் சொல்வது கட்டாயம். அதற்கு முன்பே நீங்களும் நிறையப் பார்க்கலாம். பிளாஸ்டிக் சுத்தியலின் பின்புறத்தால் டெக்கை ஒரு கையகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டுங்கள். கணீரென்ற ஒலி மங்கி ‘தொப்’பென்று கேட்டால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. பெரும்பாலும் கம்பிகளைப் பிடிக்கும் தகடுகளைச் சுற்றியும், கைப்பிடித் தூண்களின் அடியிலும்தான். ஊறிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு என்றால் சரிசெய்யலாம், டெக் முழுவதும் என்றால் விட்டுவிடுங்கள். அடியில் உள்ள கொப்புளங்களுக்கு அஞ்ச வேண்டாம், அவற்றால் இந்த வகைப் படகுகள் மூழ்குவதில்லை. விலை பேச உதவும். கம்பி வடங்களுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுதான் ஆயுள், ரசீது இல்லையென்றால் மாற்ற வேண்டும் என்றே கணக்கிடுங்கள்.

உடலில் உள்ள ஒவ்வொரு துளையின் வால்வையும் கையால் திறந்து மூடுங்கள். செம்பு நிறத்துக்கு வெளிறிய பித்தளை, துத்தநாகத்தை இழந்து ரொட்டிபோல் நொறுங்கும். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே உள்ள 38 மில்லிமீட்டர் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் உள்ளே வரும். இந்தப் படகுகளில் வழக்கமாக இருக்கும் சிறிய மின்பம்பு அதில் கால்வாசியைக்கூட இறைக்காது. ஒவ்வொரு வால்வின் அருகிலும் அளவான கூம்பு மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை ஓட்டம். காற்று 12 முதல் 15 நாட் உள்ள நாளில் வையுங்கள், அமைதியான நாளில் எல்லாப் படகும் நல்ல படகு. விற்பவரைச் சும்மா உட்காரச் சொல்லுங்கள். இருவரில் பலம் குறைந்தவர் தனியாகப் பாயை ஏற்றட்டும், சுருக்கட்டும், திருப்பட்டும். பாய் சுருக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் ஏன் என்று பாருங்கள்: கயிறு பாய்மரத்தடியில் முடிகிறதா, கப்பி இறுகியிருக்கிறதா, கொக்கி எட்டவில்லையா? பெரும்பாலும் கயிறுகளைக் காக்பிட்டுக்குக் கொண்டுவந்தாலே தீர்ந்துவிடும். பாய் பெரிதாக இருப்பதே காரணம் என்றால், உருட்டிச் சுருட்டும் சிறிய முன்பாய் புதிதாகத் தைக்க வேண்டும். பிறகு நங்கூரம் போட்டு, எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்த்து, அவரே திரும்ப எடுக்கட்டும்.

துறைக்குத் திரும்பியதும் தரைப்பலகையைத் தூக்கி, பில்ஜில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ஒரு விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். உப்பு என்றால் புரொப்பெல்லர் தண்டின் அடைப்பு, சுக்கான் குழாய், வால்வுகள், கீல் போல்ட் என்று வரிசையாகத் துடைத்துக் காயவைத்து ஒவ்வொன்றின் கீழும் காகிதம் விரித்து எங்கே நனைகிறது என்று தேட வேண்டும். தண்டின் பழைய வகை அடைப்பு ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடுவது இயல்பு, நின்ற பிறகும் சொட்டினால் இறுக்க வேண்டும். உப்பில்லை என்றால் மழைநீர் ஜன்னல் அல்லது டெக் வழியாக வருகிறது, அல்லது குடிநீர்த் தொட்டி கசிகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மின்னினால் எஞ்சினுக்கு அடியில் இன்னொரு முறை டார்ச் அடியுங்கள்.